ஏரிக்கரையும் ஏவூர்தியும்

நுழையும்முன்

வானை அளக்க விரும்பும் மனம் மனிதனுக்கு இயல்பானது. அவ்விருப்பம் செயலாக மாறும்போது அறிவும் ஒழுங்கும் அதற்குத் துணைநிற்க வேண்டும். மாதிரி ஏவூர்தி செய்து பறக்கவிடுதல் உலகெங்கும் இளையோரை ஈர்க்கும் அறிவியல் பொழுதுபோக்கு. அதை நம் நாட்டில் பாதுகாப்பாகவும் சட்டத்திற்கு உட்பட்டும் தொடங்கும் வழியை, பழவேற்காட்டு ஏரிக்கரையை மையமாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

கடலுக்கும் ஏரிக்கும் நடுவே

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் கைகோக்கும் எல்லையில் விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்த பெருமை இதற்கு உண்டு. இந்த ஏரியையும் வங்கக்கடலையும் பிரித்து நிற்கும் நீண்ட மணல்தீவே ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி – 125 என்னும் சிறிய ஆய்வு ஏவூர்தி அங்கிருந்து விண்ணில் பாய்ந்தது. அன்றுமுதல் இக்கரையோர மீனவச் சிற்றூர்களின் வானில் ஏவூர்திகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. 2008இல் சந்திரயான் – 1, 2023இல் சந்திரயான் – 3 ஆகியன புறப்பட்டதும் இத்தீவிலிருந்துதான். ஏவுதளம் இன்று சதீஷ் தவான் விண்வெளி மையம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கிழக்குக் கடற்கரையை அறிவியலாளர் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஸ்ரீஹரிகோட்டா அமைந்த அகலாங்கில் அச்சுழற்சியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர். கிழக்கு நோக்கி ஏவப்படும் ஊர்திக்கு அவ்வேகம் செலவின்றிக் கிடைக்கும் உதவியாகிறது. மற்றொரு காரணம் அதனினும் முதன்மையானது. ஏவூர்தி வழிதவறினாலும் அதன் கழிந்த பகுதிகள் உதிர்ந்தாலும் அவை மக்கள் வாழும் நிலத்தில் விழாமல் கடலில் விழும்.

அக்கடல் வெறுங்கடல் அன்று; மீனவரின் வயல். ஆகவே ஏவும் நாள்களில் குறித்த கடற்பகுதிக்குள் செல்ல வேண்டாம் என முன்னறிவிப்பு வருகிறது. பழவேற்காட்டு மீனவர் அன்று வலையை மடித்துவைத்துக் கரையில் தங்குகின்றனர். 1979 ஆகஸ்டு 10 அன்று இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவூர்தியான எஸ்.எல்.வி. – 3 இலக்கை எட்டாமல் வங்கக்கடலில் வீழ்ந்தது. மறு ஆண்டு ஜூலை 18 அன்று அதே வகை ஊர்தி வெற்றி கண்டது. தோல்வியைத் தாங்கிக்கொள்ளப் போதிய வெற்றிடம் இருந்ததாலேயே அடுத்த வெற்றி கிட்டியது. மாதிரி ஏவூர்தி செய்வோர் கற்க வேண்டிய முதல் பாடம் இதுவே. ஏவூர்தி தவறக்கூடும் என்று முன்னரே எண்ணி, தவறினாலும் எவருக்கும் ஊறு நேராத களத்தை அமைத்த பின்னரே ஏவுதல் வேண்டும்.

வெடிமருந்தின் வரலாறு

வெடிமருந்து இக்கரைக்குப் புதியதன்று. டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வெடிமருந்து ஆலையும் நடத்தினர். காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த போரில் மைசூர்ப் படையினர் இரும்புக்குழல் ஏவூர்திகளைப் பயன்படுத்தினர். கர்னல் பெய்லி தலைமையிலான கும்பினிப் படையின் வெடிமருந்து வண்டிகள் அவற்றால் தீப்பற்றியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னாளில் இங்கிலாந்தின் வில்லியம் காங்கிரீவ் மைசூர் ஏவூர்திகளை முன்மாதிரியாகக் கொண்டே தம் ஏவூர்திகளை உருவாக்கினார்.

எரிபொருளைக் கையாள்வதில் தேர்ந்தோர்க்கும் இடர் உண்டு. 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் திட எரிபொருள் வார்ப்புப் பணியின்போது நேர்ந்த விபத்தில் ஆறு பேர் உயிரிழந்தனர். பயிற்சியும் கருவிகளும் விதிமுறைகளும் நிறைந்த இடத்திலேயே இவ்வாறு நேருமாயின், வீட்டுக் கொல்லையில் பட்டாசுத் திரியைப் பிரித்து மருந்தைக் குழாயில் அடைக்கும் சிறுவனின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அது அறிவியல் ஆய்வு ஆகாது. விரல்களையும் பார்வையையும் பணயம் வைக்கும் செயல் அது.

பொழுதுபோக்கு பிறந்த கதை

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கச் சிறுவர்கள் தாமே மருந்து கலந்து ஏவூர்தி செய்ய முற்பட்டுக் காயமுற்றனர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே ஆர்வில் கார்லைல் என்பவர் காகிதக் குழலும், கழற்றி மாற்றத்தக்க உந்துகலமும் கொண்ட சிறு ஏவூர்தியை உருவாக்கியிருந்தார். ஏவுதளப் பாதுகாப்புப் பொறியாளரான ஹாரி ஸ்டைன் அதன் பயனை உணர்ந்து பாதுகாப்பு நெறிகளை வகுத்தார். மருந்தைக் கலக்கும் பணியை ஆலைக்கு விடுவதும், வடிவமைத்தல், பறக்கவிடுதல், மீட்டல் ஆகியவற்றை மாணவருக்கு அளிப்பதும் அந்நெறிகளின் உயிர்நாடி.

அந்நாட்டில் விற்கப்படும் உந்துகலத்தின்மீது 'சி6–5' போன்ற குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து மொத்தக் கணத்தாக்கைக் குறிக்கும். 'சி' என்பது 5 முதல் 10 நியூட்டன் விநாடி வரை. அடுத்துள்ள எண் சராசரி உந்துவிசையை நியூட்டனில் காட்டும். இறுதி எண், எரிந்து முடிந்தபின் வான்குடை விரியும் வரையுள்ள இடைவெளியை விநாடியில் காட்டும். இயற்பியல் பாடத்தில் கற்கும் கணத்தாக்கு இங்கே கைக்குள் அடங்கும் பொருளாகிறது.

சட்டம் கூறுவது

அயல்நாட்டுக் காணொலிகளைக் கண்டு அவ்வாறே செய்ய விரும்பும் மாணவர், நம் நாட்டின் சட்டம் வேறு என்பதை அறிதல் வேண்டும். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் வெடிமருந்து, வாணவேடிக்கைப் பொருள்கள் ஆகியவற்றோடு ஏவூர்திகளையும் வெடிபொருள் என்னும் வரையறைக்குள் வைக்கிறது. அவற்றைச் செய்தல், வைத்திருத்தல், விற்றல், எடுத்துச் செல்லுதல், இறக்குமதி செய்தல் ஆகியவற்றை 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றைக் கண்காணிக்கிறது.

பதினெட்டு வயது நிறையாதவர் வெடிபொருளைச் செய்யவோ வைத்திருக்கவோ விற்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது என்று அச்சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் பயில்வோருள் பெரும்பாலோர் இவ்வரம்புக்குள் அடங்குவர். எனவே எரிபொருள் உந்துகலத்தை இணையவழி வரவழைப்பதும் வீட்டில் செய்வதும் அவர்களுக்கு உரிய வழிகள் அல்ல.

பழவேற்காட்டிற்கு மற்றொரு காப்பும் உண்டு. ஏரியின் பெரும்பரப்பு பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து தங்கும் இடம். சரணாலயத்தினுள் வன உயிர்களுக்குத் தீங்கு விளைக்கும் வெடிபொருள்களைப் பயன்படுத்துவதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஏவுதளத்தின் அண்மையோ உயர்காப்புக்குரியது. ஆகவே ஏரிக்கரையும் சரணாலய எல்லையும் ஏவுகளம் ஆகா. பள்ளி விளையாட்டுத் திடலே தக்க இடம்.

நீரும் காற்றும் போதும்

அப்படியாயின் இளையோர்க்கு வழியே இல்லையா? உண்டு. தீயின்றியும் ஏவூர்தி எழும். ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியே எல்லா ஏவூர்திகளுக்கும் அடிப்படை. நீர் ஏவூர்தியில் அழுத்தப்பட்ட காற்று ஆற்றலைத் தருகிறது. நீர் கீழ்நோக்கிப் பீறிட, புட்டி மேல்நோக்கி எழுகிறது. நீர் மிகுந்தால் காற்றுக்கு இடம் குறைந்து ஆற்றல் குன்றும். நீர் குறைந்தால் வெளியேறும் நிறை குன்றும். புட்டியில் மூன்றில் ஒரு பங்கு அளவு நீர் என்பது தொடக்கத்திற்கு ஏற்றது.

இதற்குச் சோடா, குளிர்பானம் போன்ற வளிமம் அடைத்த பானங்களின் நெகிழிப்புட்டி மட்டுமே பயன்பட வேண்டும். அவை அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை, குடிநீர்ப்புட்டி தாங்காது. கண்ணாடியும் உலோகமும் அறவே கூடா. கீறலோ மடிப்போ விழுந்த புட்டியைக் கழித்துவிட வேண்டும். புட்டியைச் சூடாக்குவதும் உரசித் தேய்ப்பதும் அதை வலுவிழக்கச் செய்யும். இறக்கைகளைத் தடித்த அட்டையில் வெட்டி, ஒட்டுநாடாவால் பொருத்தலாம். கூம்பு முனையைக் காகிதத்தால் செய்து, நுனியில் மென்பஞ்சு வைக்க வேண்டும்.

ஏவூர்தி நேராகப் பறக்க ஒரு விதி உண்டு. அதன் ஈர்ப்பு மையம், காற்றின் விசை செயற்படும் அழுத்த மையத்திற்கு முன்னே, குறைந்தது புட்டியின் ஒரு விட்ட அளவேனும் தள்ளி அமைய வேண்டும். கூம்பினுள் சிறிது களிமண் வைத்தால் ஈர்ப்பு மையம் முன்னே நகரும். வாலில் இறக்கைகளைப் பெரிதாக்கினால் அழுத்த மையம் பின்னே நகரும். ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டித் திறந்த வெளியில் தலைக்குமேல் சுழற்றிப் பார்க்கலாம். முனை முன்னோக்கிச் சென்றால் வடிவம் நிலையானது. தடுமாறினால் திருத்தம் தேவை.

ஏவும் ஒழுங்கு

ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையிலேயே ஏவுதல் நிகழ வேண்டும். புதிய புட்டியை முதலில் நீரால் முழுதும் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதித்தல் நலம். நீர் எளிதில் சுருங்காது. ஆதலால் புட்டி வெடித்தாலும் சிதறல் மிகக் குறைவு. ஏவும்போது அழுத்தமானியுள்ள மிதிவண்டிக் காற்றடிப்பானால் சதுர அங்குலத்திற்கு 60 பவுண்டு என்னும் அளவைக் கடவாமல் காற்றேற்ற வேண்டும். பூட்டை விடுவிக்கும் கயிறும் காற்றுக்குழலும் நீளமாக இருத்தல் வேண்டும். அனைவரும் குறைந்தது ஐந்து மீட்டர் விலகிக் கண்காப்புடன் நிற்க வேண்டும். அழுத்தம் ஏறிய புட்டியை எவரும் குனிந்து பார்க்கக் கூடாது. ஏவூர்தி எழாவிடின், தொலைவிலிருந்தே காற்றை வெளியேற்றிய பிறகுதான் அருகில் செல்ல வேண்டும்.

ஏவுமேடை செங்குத்திற்கு அருகிலேயே இருக்க வேண்டும். மனிதரையோ பறவையையோ படகையோ குறிவைத்தல் கூடாது. உயிரினத்தை உள்ளே வைத்து அனுப்புதலும் கூடாது. மின்கம்பியிலோ உயர்ந்த மரத்திலோ சிக்கிய ஊர்தியை விட்டுவிடுதலே அறிவுடைமை. காற்று வலுத்தால் நிகழ்வைத் தள்ளிவைக்க வேண்டும். கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனக் காற்றைத் திசையறிந்து பெயரிட்ட மரபு நம்முடையது. கரையோரத்தில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று வலுக்கும். எனவே காலை வேளை ஏற்றது. மீனவர் ஒருவரிடம் அன்றைய காற்றின் போக்கைக் கேட்டறிவது சிறந்த ஆய்வுமுறை.

ஏவிய ஒவ்வொரு துண்டையும் மீட்டெடுப்பதும் கடமை. நீரில் மிதக்கும் நெகிழி வலையில் சிக்கும். பறவையின் வயிற்றிலும் சேரும்.

உயரத்தையும் நாமே அளக்கலாம். ஏவுமேடையிலிருந்து 40 மீட்டர் தள்ளி நின்று, உச்சியை நோக்கும் கோணம் 45 பாகை எனக் கண்டால், அதன் டேன்ஜென்ட் மதிப்பு 1. ஆகவே உயரம் 40 மீட்டருடன் கண்மட்ட உயரத்தைக் கூட்டிய அளவு. எதிரெதிர்த் திசையில் இருவர் நின்று அளந்து சராசரி காணின் பிழை குறையும்.

அடுத்த படிகள்

தீயில்லா ஏவூர்தியில் தேர்ந்தபின், 'ஓப்பன் ராக்கெட்' என்னும் இலவச மென்பொருளில் உந்துகலம் பொருத்திய ஊர்தியைக் கணினியிலேயே வடிவமைத்துப் பறக்கவிடலாம். 2023 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மாவட்டம் பட்டிபுலத்திலிருந்து எழுந்த ஆய்வு ஏவூர்தி, பள்ளி மாணவர் உருவாக்கிய 150 சிற்றளவுச் செயற்கைக்கோள்களைச் சுமந்தது. மாணவர் கருவிகளைச் செய்ய, ஏவும் பொறுப்பை நிறுவனத்தார் ஏற்ற முறை இங்கு எண்ணத்தக்கது. கல்லூரியில் சேர்ந்தபின் மாதிரி ஏவூர்திப் போட்டிகளிலும் கேன்சாட் போட்டிகளிலும் முறையான இசைவோடு பங்கேற்க வாய்ப்புண்டு.

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றொரு மரபு உள்ளது. ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைக் குலுக்கல் முறையிலும் சுழற்சி முறையிலும் பங்கிட்டுக்கொள்வர். தம் முறை வரும்வரை காத்திருப்பர். பொதுவான நீரை எவரும் தனக்கே உரியதாக்கிக்கொள்ளாமையால் ஏரி அனைவருக்கும் வாழ்வளிக்கிறது. வானும் அத்தகைய பொதுவெளிதான். அதில் விமானம் செல்கிறது, பறவை பறக்கிறது, அதன்கீழ் மனிதர் உழைக்கின்றனர். அவர்கள் அனைவரின் முறையையும் மதித்துத் தம் முறைக்குக் காத்திருப்பவரே நல்ல ஏவூர்தியாளர்.

தெரிந்து தெளிவோம்

இந்திய விண்வெளி ஆய்வின் முதல் ஏவுதளமும் ஒரு மீனவச் சிற்றூரே. கேரளத்தின் தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று நைக் – அப்பாச்சி என்னும் ஆய்வு ஏவூர்தி ஏவப்பட்டது. அவ்வூரின் புனித மகதலேனா மரியாள் தேவாலயம் ஆய்வுப் பணிக்கு அளிக்கப்பட்டது. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம்.

கற்பவை கற்றபின்...

1. ஏவுதளத்திற்குக் கிழக்குக் கடற்கரை ஏற்றதாக அமைந்தமைக்கான காரணங்களை விளக்குக.

2. நீரின் அளவை மாற்றி மாற்றி நீர் ஏவூர்தியை ஆசிரியர் துணையுடன் ஏவி, எட்டிய உயரங்களை அட்டவணைப்படுத்தி வகுப்பில் கலந்துரையாடுக.

3. 'பொதுவெளியைப் பயன்படுத்தும் ஒழுங்கு' என்னும் பொருளில், உங்கள் ஊர் மரபு ஒன்றைச் சான்றுகாட்டிக் கட்டுரை எழுதுக.