ஒலி ஒரு வழி, ஒளி ஒரு வழி: நாடாளுமன்ற நேரலையின் மறுபக்கம்

புது தில்லி: மாநிலங்களவையில் 2020 செப்டம்பர் 20-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. உறுப்பினர்களை எண்ணும் 'டிவிஷன்' வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, கிடைக்கவில்லை. கோரியவர்கள் தங்கள் இருக்கையிலிருந்து கோரவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். இருக்கையில் இருந்தபடியேதான் கேட்டோம் என்றார்கள் எதிர்த்தரப்பினர். மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய திமுக உறுப்பினர் திருச்சி சிவாவும், மார்க்சிஸ்ட் உறுப்பினர் கே.கே. ராகேஷும் அவர்களில் முக்கியமானவர்கள்.

அவையில் ஓர் உறுப்பினர் எங்கே நின்றார் என்பதை அவரவர் நினைவைக் கொண்டு தீர்க்க முடியாது. சாட்சி சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். மாநிலங்களவைத் தொலைக்காட்சியின் ஒளிப்பதிவு. அந்த ஒளிப்பதிவிலோ அமளியின் உச்சத்தில் ஒலி அற்றுப்போயிருந்தது.

சில நாள்கள் கழித்து ஓர் ஆங்கில நாளேடு பதிவை நிமிடம் நிமிடமாக ஆராய்ந்து, வாக்கெடுப்பு கோரியபோது சிவாவும் ராகேஷும் தங்கள் இடத்திலேயே இருந்தனர் என்று எழுதியது. அவைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் அதற்கு விளக்கம் அளித்தார். வாக்கெடுப்புக்குக் கோரிக்கை மட்டும் போதாது, அவையில் ஒழுங்கும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒழுங்கு இல்லை என்பதையும் அதே படம்தான் காட்டியது. இதற்குள், மறுநாளே எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டுவிட்டனர்; ராகேஷும் அவர்களில் ஒருவர். மசோதாக்கள் சட்டமாகி, தில்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேல் விவசாயிகள் போராட்டம் நடந்து, 2021 நவம்பர் 29-ஆம் தேதி நாடாளுமன்றமே அவற்றைத் திரும்பப் பெற்றது. ஒலி ஏன் அற்றது என்ற கேள்விக்கு மட்டும் இரு தரப்பும் ஏற்கும் விடை கிடைக்கவில்லை.

அன்று அவையே ஒரு கம்பி இணைப்பின் மேல் நடந்தது என்பது பலருக்கு மறந்திருக்கும். கரோனா கட்டுப்பாடுகளால் அந்தக் கூட்டத்தொடரில் மாநிலங்களவை உறுப்பினர்கள் 60 பேர் தங்கள் அவையிலும், 51 பேர் அதன் மாடங்களிலும், மீதி 132 பேர் மக்களவைக் கூடத்திலும் அமர வைக்கப்பட்டனர். இரு கூடங்களுக்கும் இடையே குரலையும் படத்தையும் கடத்தத் தனிக் கம்பிகள் போடப்பட்டன. பெரிய திரைகள் வைக்கப்பட்டன. 1952-க்குப் பிறகு இப்படி ஓர் ஏற்பாடு நடந்தது அதுவே முதல் முறை. பக்கத்துக் கூடத்தில் இருந்த உறுப்பினருக்கு, அவைத் தலைவரின் ஆசனம் என்பது திரையில் தெரிந்த படம். அவரது தீர்ப்பு என்பது காதில் விழுந்த ஒலி.

நேர முத்திரை

குரலும் படமும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன என்றுதான் பார்ப்பவர் நினைக்கிறார். உண்மையில் இரண்டும் புறப்படும் இடத்திலேயே பிரிந்துவிடுகின்றன. கேமரா விநாடிக்கு 25 படங்களை எடுக்கிறது. அதாவது ஒரு படத்துக்கு 40 மில்லி விநாடி. ஒலிவாங்கியிலிருந்து வரும் ஒலி விநாடிக்கு 48,000 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. இரண்டும் வெவ்வேறு முறையில் சுருக்கப்படுகின்றன. ஒரு படத்தை அதற்கு முன்னும் பின்னும் வரும் படங்களோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் அனுப்புவதே படச் சுருக்கத்தின் அடிப்படை. ஆகவே அதற்கு நேரம் பிடிக்கிறது. ஒலி முன்னதாகவே தயாராகிவிடும்.

பிறகு இரண்டும் சிறு சிறு பொட்டலங்களாக இணைய வலையில் விடப்படுகின்றன. ஒன்று சென்னை வழியாகவும் இன்னொன்று மும்பை வழியாகவும் போகலாம். முன்னே புறப்பட்டது பின்னே வந்து சேரலாம். சில வராமலே போகலாம். இவற்றைச் சேரும் இடத்தில் கோத்துக் கொடுப்பது, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் குத்தப்பட்ட நேர முத்திரை. விநாடியை 90,000 பங்காகப் பிரித்த ஒரு கடிகாரத்தை வைத்து, இந்தப் படமும் இந்தச் சொல்லும் ஒரே கணத்துக்கு உரியவை என்று அது சொல்கிறது. பெறும் கருவி வந்தவற்றைச் சிறிது நேரம் தேக்கி வைத்து, முத்திரையைப் பார்த்து வரிசைப்படுத்தி வெளியிடுகிறது. 'பஃபரிங்' என்று திரையில் சுழலும் வட்டம், இந்தத் தேக்கம் வற்றிவிட்டதன் அடையாளம்.

எவ்வளவு பிசகினால் மனிதன் கண்டுபிடிப்பான்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையில் இதற்குக் கணக்கு இருக்கிறது. ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவருக்குப் புலப்படும். பிந்தினால் 125 மில்லி விநாடி வரை தெரியாது. இடிக்கு முன்னே மின்னலைப் பார்த்தே பழகியவர்கள் நாம். ஒலி பிந்துவது நமக்கு இயல்பு, முந்துவது உறுத்தல்.

இணையத்தில் பார்ப்பவருக்கு இன்னொரு தாமதமும் உண்டு. நேரலை சில விநாடி அளவுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு வருவதால், அவையில் நடப்பதற்கும் கைப்பேசியில் தெரிவதற்கும் இடையே பல விநாடிகள் கடந்துவிடும். அந்தத் துண்டுகளுக்குள்ளே குரலும் உதடும் பொருந்தியிருக்கின்றன என்பதுதான் நேர முத்திரை தரும் உத்தரவாதம்.

ஆனால் எந்த ஒலிவாங்கியின் குரலோடு எந்தக் கேமராவின் படம் பொருந்த வேண்டும் என்பதை முத்திரை தீர்மானிப்பதில்லை. அது கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரின் விரல் நுனியில் இருக்கிறது.

விரல் யாருடையது?

அமளியின்போது கேமரா அவைத் தலைவரின் மேல் நிலைகொள்வது நெடுநாள் வழக்கம். பிரிட்டிஷ் மக்களவையிலும் 1989 நவம்பரில் கேமராக்கள் நுழைந்தபோது இப்படித்தான் விதி செய்தார்கள். கூச்சல் போடுவோருக்கு விளம்பரம் கிடைக்கக் கூடாது என்பது காரணம். காரணம் சரியாகவே இருக்கலாம். அமளி எது, எதிர்ப்பு எது என்று பிரிப்பவர் யார் என்பதுதான் சிக்கல்.

மக்களவையில் 2014 பிப்ரவரி 18-இல் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்பு மசோதா நிறைவேறியபோது நேரலையே நின்றுபோனது. தெலங்கானா பிறந்ததை நாடு தொலைக்காட்சியில் காணவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்றது அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு, பாஜக நம்பவில்லை. 2023 மார்ச் 17-இல் எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டபோது மக்களவை நேரலையில் படம் ஓடியது, ஒலி வரவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்றது அரசுத் தரப்பு, காங்கிரஸ் நம்பவில்லை. கோளாறுக்குக் கட்சி கிடையாது போலும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 9-இல் நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தில் ராகுல் காந்தி 37 நிமிடங்கள் பேசினார். அதில் 14 நிமிடம் 37 விநாடிதான் அவர் திரையில் காட்டப்பட்டார் என்று காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ் கணக்குச் சொன்னார். மணிப்பூர் பற்றிப் பேசிய 15 நிமிடம் 42 விநாடியில் 11 நிமிடத்துக்கும் மேலாக அவைத் தலைவர் ஓம் பிர்லாவின் முகமே திரையில் இருந்ததாம். இங்கே ஒலி அறவில்லை. ஒரு சொல்கூட விடுபடவில்லை. பேசுபவரின் குரலோடு கேட்பவரின் முகம் துல்லியமாக இணைத்து அனுப்பப்பட்டது, அவ்வளவுதான்.

இந்தக் குறை தில்லிக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாடு சட்டப்பேரவையில் 2022 ஜனவரியில் கேள்வி நேரம் நேரலைக்கு வந்தது. அதன் பின்னரும், தங்கள் உறுப்பினர்கள் பேசுவது காட்டப்படுவதில்லை என்று அப்போது எதிர்க்கட்சியாக இருந்த அதிமுக பலமுறை குற்றம்சாட்டியது. தில்லியில் கேமராவைக் குறைகூறிய திமுக, சென்னையில் அந்தக் கேமராவின் பக்கம் இருந்தது.

கேமரா யாருக்கும் சாயாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. மன்மோகன் சிங் அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு நாளான 2008 ஜூலை 22-இல், பாஜக உறுப்பினர்கள் மூவர் ரூபாய் நோட்டுக் கட்டுகளை மக்களவையில் எடுத்துக் காட்டினர். மக்களவைத் தொலைக்காட்சி தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தக் காட்சி நாடு முழுவதும் நேரலையில் சென்றது. அவைக்கு அவமானம் என்றவர்கள்கூட அது நடக்கவில்லை என்று சொல்ல முடியவில்லை.

இத்தனைக்கும் நேரலை என்பது இங்கே கேட்டவுடன் கிடைத்ததல்ல. குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் 1989 டிசம்பர் 20-இல் ஆற்றிய உரைதான் நாடாளுமன்றத்திலிருந்து நேரடியாக ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி. பின்னர் கேள்வி நேரம் மட்டும்; அதுவும் முதலில் பதிவு செய்து மறுநாள் காலையில். 2004 டிசம்பரில் இரு அவைகளுக்கும் தனி அலைவரிசைகள், 2006-இல் மக்களவைத் தொலைக்காட்சி, 2011-இல் மாநிலங்களவைத் தொலைக்காட்சி, 2021 செப்டம்பர் 15-இல் இரண்டையும் இணைத்து சன்சத் டி.வி. என்று வளர்ந்தது.

நீக்க முடியாத நீக்கம்

நேரலை இன்னொரு பழைய அதிகாரத்தையும் அசைத்துவிட்டது. கண்ணியமற்ற, அவதூறான சொற்களை அவைக் குறிப்பிலிருந்து நீக்க மக்களவைத் தலைவருக்கு விதி 380 அதிகாரம் தருகிறது. பாட்னாவிலிருந்து வெளிவந்த 'சர்ச்லைட்' நாளேடு, பிகார் சட்டப்பேரவையில் 1957-இல் நீக்கப்பட்ட பேச்சை அச்சிட்டது. அது உரிமை மீறல் விவகாரமாகி உச்சநீதிமன்றம் வரை போக, 1958-இல் பேரவையின் உரிமையே நின்றது. அன்று பேச்சுக்கும் அச்சுக்கும் நடுவே ஓர் இரவு இருந்தது. அந்த இரவில் நீக்க உத்தரவும் வந்து சேரும்.

இன்று? எதிர்க்கட்சித் தலைவராக ராகுல் காந்தி 2024 ஜூலை 1-இல் ஆற்றிய உரையின் சில பகுதிகள் மறுநாள் நீக்கப்பட்டன. அதற்குள் அவற்றை எத்தனையோ பேர் பார்த்துவிட்டனர். பதிவு செய்தும் வைத்துக்கொண்டனர். பத்திரிகைகள் மட்டும் நீக்கப்பட்டதைத் தவிர்த்து எழுத வேண்டிய நிலை. நாடாளுமன்ற நடவடிக்கைகளை உண்மைக்குப் பெரிதும் மாறாமல் வெளியிடுவோரைக் காக்கும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பெரோஸ் காந்தியின் முயற்சியால் வந்தது. நெருக்கடி நிலையில் நீக்கப்பட்டு, 1977-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. வானொலி அலைகளையும் அது கருதியிருந்தது. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒளிபரப்பாளர் ஆகும் காலத்தை அது கருதவில்லை.

உச்சநீதிமன்றம் தன் நேரலைக்கு வேறு வழி யோசித்தது. விசாரணைகளை நேரலையாகக் காட்டலாம் என்று 2018 செப்டம்பர் 26-இல் தீர்ப்பளித்தபோது, அவையில் நடப்பதற்கும் வெளியே போவதற்கும் இடையே நியாயமான தாமதம், பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம், இருக்கட்டும் என்றது. காட்டக் கூடாததை அதற்குள் வெட்டிவிடலாம். அரசமைப்பு அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பர் 27 முதல் நேரலையாகின. தொழில்நுட்பப்படி இது எளிது; சில விநாடித் தேக்கத்தைப் பத்து நிமிடத் தேக்கமாக்கினால் போதும். நாடாளுமன்றத்துக்கு இதை யாராவது பரிந்துரைத்தால், வெட்டும் அதிகாரம் யாரிடம் என்ற பழைய கேள்விதான் புதிய வேகத்தில் திரும்பிவரும்.

தமிழுக்கு ஒரு தடம்

ஒரே படத்தோடு எத்தனை ஒலித்தடங்களை வேண்டுமானாலும் ஒரே நேர முத்திரையில் இணைத்து அனுப்பலாம். தொழில்நுட்பத்துக்கு இந்தியும் போடோவும் ஒன்றே. மக்களவையில் இந்தி, ஆங்கிலத்துடன் தமிழ் உள்ளிட்ட பத்து மொழிகளில் இருந்த உடனடி மொழிபெயர்ப்பு, மேலும் ஆறு மொழிகளுக்கு விரிவதாக ஓம் பிர்லா 2025 பிப்ரவரி 11-இல் அறிவித்தார். பட்டியலில் சம்ஸ்கிருதம் இருந்ததைத் தயாநிதி மாறன் எதிர்த்தார். வரிப்பணத்தை வீணாக்குவதாகச் சொன்னார். பாரதத்தின் மூல மொழி சம்ஸ்கிருதம் என்று பிர்லா பதிலளித்தார். ஆகஸ்டில் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளும் பட்டியலுக்குள் வந்துவிட்டன.

இயந்திரத்தால் சரிசெய்ய முடியாத தாமதம் ஒன்று இதில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. "இந்த மசோதாவின் நோக்கத்தை, அதன் மூன்றாம் பிரிவை, அமைச்சர் தந்த விளக்கத்தை" என்று உறுப்பினர் அடுக்கிக்கொண்டே போகும்போது, அவர் ஏற்கிறாரா எதிர்க்கிறாரா என்பது வாக்கியத்தின் இறுதிச் சொல்லில்தான் தெரியும். ஆங்கிலத்திலோ வினை முன்னே வந்தாக வேண்டும். ஆகவே கண்ணாடி அறைக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் காத்திருக்கிறார். அதற்குள் உறுப்பினரின் மூன்று நிமிடம் முடிந்து, மணி அடித்து, ஒலிவாங்கியின் விளக்கு அணைந்தால், முடிவுச் சொல் மொழிபெயர்ப்பாளரின் காதுக்கே வராமல் போகலாம்.

அச்சில் வரும் நடவடிக்கைக் குறிப்புகளில், தமிழில் ஆற்றிய உரைகள் நெடுங்காலம் நட்சத்திரக் குறியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பாகவே இடம்பெற்று வந்தன. உறுப்பினர் தம் வாயால் என்ன சொன்னார் என்பதைக் கேட்க வேண்டுமானால் ஒளிப்பதிவைத்தான் தேட வேண்டும். அந்த நேரத்தில் ஒலி இருந்திருந்தால்.