மருத்துவச் செலவில் நோயாளியின் பங்கு

காப்பீடு செய்துகொண்ட ஒருவர் நோயுற்றால் செலவு முழுவதையும் காப்பீடே ஏற்க வேண்டுமா? நோயாளியும் ஒரு பங்கைத் தர வேண்டுமா? இலவசமானால் மக்கள் தேவையின்றியும் மருத்துவரை நாடுவர் என்பர் ஒரு சாரார். பணம் கேட்டால் ஏழை நோயோடு வீட்டிலேயே கிடப்பான் என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கைச் சோதனையால் தீர்க்க முயன்றது அமெரிக்க நாடு.

1974 முதல் 1982 வரை ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிறுவனம், பொருளியல் அறிஞர் ஜோசப் நியூஹவுஸ் தலைமையில், ஆறு இடங்களில் இச்சோதனையை நடத்தியது. ஏறத்தாழ 5,800 பேர் இதில் பங்குகொண்டனர். எவருக்கு எத்திட்டம் என்பதைக் குலுக்கல் முறையே முடிவுசெய்தது. சிலருக்கு மருத்துவம் முற்றும் இலவசம். ஏனையோருட் பலர் செலவில் நூற்றுக்கு 25, 50, 95 என்னும் விகிதங்களில் தம் பங்கைச் செலுத்தினர். ஆயினும் குடும்ப வருமானத்தை ஒட்டி ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. அதற்கு மேற்பட்டதைத் திட்டமே ஏற்றது.

விளைவு யாது? நூற்றுக்கு 95 செலுத்தியவர்களின் மருத்துவச் செலவு, இலவசத் திட்டத்தினரின் செலவைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 30 குறைந்திருந்தது. மருத்துவரிடம் சென்றபின் ஆகும் செலவு அதிகம் மாறவில்லை, செல்வதுதான் குறைந்தது. சராசரி மனிதரின் உடல்நலமும் இதனால் பெரிதும் கெடவில்லை.

அப்படியாயின் வீண்செலவு மட்டுமே குறைந்ததோ எனில், இல்லை. பயனுள்ள மருத்துவமும் பயன் குறைந்த மருத்துவமும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தன. நெடுங்காலம் ஆசிரியனாக இருந்த எனக்கு இது வியப்பாகத் தோன்றவில்லை. வகுப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காசு என்று விதித்தால், வீண் கேள்விகள் குறையும். கேட்டே ஆக வேண்டிய கேள்வியும் உடன் மறையும். எது தேவையான கேள்வி என்பதை விடை தெரியாத மாணவன் எங்ஙனம் அறிவான்? நோயாளியின் நிலையும் அதுவே.

உயர் இரத்த அழுத்தம் வலி தராது. மருத்துவர் அளந்து பார்த்தால்தான் தெரியும். அந்நோயுடைய வறியவர்கள் இலவசத் திட்டத்தில் இருந்தபோது அழுத்தம் நன்கு கட்டுப்பட்டது. பங்கு செலுத்தியவர்களிடம் அவ்வளவு கட்டுப்படவில்லை.

எனவே, வசதியுள்ளவர் ஓரளவு பங்கு தரட்டும். வறியவரிடமும், மறைந்திருந்து கொல்லும் நோய்களுக்கும் பங்கு கேட்கலாகாது என்பதே என் துணிபு.