அசைவுக்கு அப்பால் – 9: கனவில் நடுக்கம் இல்லை

சென்ற வாரம் நடுமூளையில், சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் நின்றோம். பார்க்கின்சன் நோயில் டோபமின் சுரக்கும் அணுக்களில் பெரும்பங்கு அங்கே அழிந்துபோன பிறகுதான் கை நடுங்கவே ஆரம்பிக்கிறது என்பது வரை சொன்னேன். விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மலச்சிக்கல் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதற்குள் 2007-ல் ‘பிரெயின்’ என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்துவிட்டது. நாளை காலை ஆசிரியருக்குப் பக்கம் போயாக வேண்டும், எனக்கோ வேறு எதிலும் மனம் போகவில்லை. வயிறு காத்திருக்கட்டும்.

பாரிஸில் இருக்கிறது சல்பெத்ரியேர் மருத்துவமனை. இந்த நோய்க்கு ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டிய ஷார்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடம் நடத்திய அதே இடம். அங்கே வலேரி கோஷான் தெ கோக், இசபெல் அர்னூல்ஃப் முதலானோர் 100 பார்க்கின்சன் நோயாளிகளையும், அவர்களோடு ஒரே கட்டிலில் படுக்கும் துணைகளையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். இவர் தூக்கத்தில் கத்துவாரா, உதைப்பாரா, கையை வீசுவாரா? ஆமாம் என்றவர்கள் பாதிக்கு மேல். அதில் புதுமை ஒன்றுமில்லை. நரம்பியல் மருத்துவர்களுக்கு முன்பே தெரிந்த சங்கதிதான். அடுத்துக் கேட்ட கேள்விதான் யாருக்கும் தோன்றாதது: அப்படி வீசும்போது அந்தக் கை எப்படி அசைகிறது?

வேகமாக, பலமாக என்றார்கள் துணைகள். கனவில் நடிப்பவர்களில் 87 சதவீதத்தினரின் அசைவு விழித்திருக்கும்போது இருப்பதைவிட வேகமாக இருந்ததாம். 77 சதவீதத்தினரின் பேச்சு தெளிவாக இருந்ததாம். பகலில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காமல் முணுமுணுப்பவர் இரவில் வார்த்தை பிசகாமல் யாரையோ திட்டுகிறார். உணர்ச்சியே படியாமல் இறுகிப்போன முகத்தில் கோபமும் சிரிப்பும் வந்து போகின்றன. புரண்டு படுக்கவே ஆள் உதவி கேட்பவர் எழுந்து உட்கார்ந்து குத்துவிடுகிறார். மனைவிமார் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம் என்று தூக்க ஆய்வகத்தில் வீடியோ எடுத்தும் பார்த்தார்கள். அசைவுகள் வெட்டி வெட்டி வந்தன, ஆனால் பெரிதாக, விசையோடு வந்தன. நடுக்கம் இல்லை. விழித்ததும் எல்லாம் பழையபடி.

மூன்று நாளாக என்னைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இப்போது யாரும் காது கொடுப்பதில்லை.

கனவு காணும் தூக்கத்துக்கு ரெம் தூக்கம் என்று பெயர். 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டறிந்தது. அந்த நேரத்தில் மூளை ஏறக்குறைய விழித்திருப்பது போலவே வேலை செய்யும்; உடம்பு மட்டும் கட்டிப்போட்டதுபோல் கிடக்கும். கண்ணை அசைக்கும் தசைகளுக்கும் மூச்சுக்கான உதரவிதானத்துக்கும் மட்டும் விதிவிலக்கு. இந்தக் கட்டைப் போடுவது மூளைத்தண்டில், பான்ஸ் என்ற பகுதியில் இருக்கும் ஒரு சின்ன அணுக்கூட்டம். பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே 1960-களில் பூனைகளின் பான்ஸில் அந்த இடத்தைச் சிதைத்துப் பார்த்தார். பூனைகள் தூங்கின, தூக்கத்திலேயே எழுந்தன, இல்லாத எலியைப் பதுங்கிப் பின்தொடர்ந்தன, பாய்ந்தன. பூனைக்கும் கனவு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மனிதர்களில் இதையே 1986-ல் எழுதிவைத்தவர்கள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து ஷெங்க்கும் மஹோவால்டும். அவர்களிடம் வந்தவர்களில் ஒருவர் கனவில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, எதிரணிக்காரரை முட்டுவதாக நினைத்து அறையில் இருந்த அலமாரியில் போய் மோதியவர். இன்னொருவர் கனவில் ஒரு மானின் கழுத்தை முறிக்கப் போனார்; கையில் இருந்தது மனைவியின் கழுத்து. ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்று பெயர் வைத்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் ஐம்பது தாண்டிய ஆண்கள், பகலில் சாதுவானவர்கள். அப்போது அது தூக்கத்தின் கோளாறு, அவ்வளவுதான். பார்க்கின்சன் பேச்சே இல்லை.

பேச்சு 1996-ல் வந்தது. ஷெங்க் தன் பழைய நோயாளிகளில் 29 பேரைத் திரும்பிப் பார்த்தபோது 11 பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்தது. 2013-ல் அதே கூட்டத்தை மறுபடி பார்த்தார். ஐந்தில் நான்கு பேருக்கு அதுவோ அதன் உறவுக்கார நோயோ வந்துவிட்டிருந்தது. 2019-ல் ரொனால்ட் போஸ்டுமா தலைமையில் 24 மையங்கள் சேர்ந்து 1,280 பேரைக் கணக்கெடுத்ததிலும் அதே திசைதான்: பன்னிரண்டு ஆண்டுகளில் முக்கால்வாசிப் பேர். இந்த நோயை முன்கூட்டிச் சொல்லும் அறிகுறிகளில் இதற்கு இணையாக வேறொன்று இல்லை. மோப்பம் மங்குவதும் மலச்சிக்கலும் எத்தனையோ காரணங்களால் வரும். கனவில் குத்துவிடுவது அப்படி அல்ல. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் இதைக் கிளப்பிவிடும் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். அவசரப்பட்டு யாரும் கலங்க வேண்டாம்.

நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தூக்கம் கெடுவது ஏன்? ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் 2003-ல் ஒரு விடை சொன்னார். ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் திரண்டு உருவாகும் லூயி உருண்டைகளைப் பற்றி மூன்றாம் வாரமே எழுதிவிட்டேன். பிராக் அவற்றை இறந்தவர்களின் மூளையில் தேடி வரிசைப்படுத்தினார். முகர்வுக்குமிழிலும் மூளைத்தண்டின் அடியிலும் தொடக்கம், அடுத்துப் பான்ஸ், நைக்ரா மூன்றாவது கட்டத்தில்தான். அசைவை வைத்து நோயைக் கண்டுபிடிக்கிறோம், ஆனால் நோய் அசைவுக்கு வந்து சேரும்போது அதற்கு வயசாகிவிட்டிருக்கிறது. எல்லா நோயாளிகளுக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை என்று சண்டை நடக்கிறது, நியாயமான சண்டைதான். நோயாளிகளில் பலருக்கு இந்தக் கனவுக் கோளாறே வருவதில்லையே.

வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் பகலிலும் வித்தியாசம் இருக்கிறது என்பதைத்தான் இந்தத் தொடரில் நான் சுற்றிச் சுற்றிச் சொல்ல முயல்கிறேன். கனவில் நடிக்கும் நோயாளிகளிடம் நடுக்கத்தைவிட விறைப்பும் மந்தமும் மேலோங்குகின்றன. நடை தடுமாறி விழுவது அதிகம். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதும், நினைவு மங்குவதும் இவர்களுக்கே கூடுதல். ஆக, அசைவு அறிகுறிகள் ஒரு பட்டியல், மற்றவை இன்னொரு பட்டியல் என்று பிரித்து எழுதும் பாடப்புத்தகங்கள் வசதிக்காகப் பிரிக்கின்றன. நோயாளியின் உடம்பில் இரவில் நடப்பது பகல் நடையின் சாயலைச் சொல்கிறது.

மருந்தை வைத்துப் பார்த்தாலும் இந்தப் பிரிவினை நிற்காது. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ‘ஆன்’, ‘ஆஃப்’ என்றால் விளக்கம் தேவையில்லை. மாத்திரையின் வேகம் இறங்கும் ‘ஆஃப்’ நேரத்தில் கை நடுங்குவதற்கு முன்பே சிலருக்குக் காரணமில்லாமல் பயம் வருகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தோள் வலிக்கிறது. அடுத்த மாத்திரை ஏறியதும் பயமும் போகிறது, நடுக்கமும் போகிறது. பயம் எந்தப் பட்டியலில்? ஆனால் மோப்பம் டோபமினுக்கு மசிவதில்லை; கனவுக் கோளாறும் பெரும்பாலும் மசிவதில்லை. ஒரே நோய்க்குள் இரண்டு விதமான கணக்கு.

சரி, கனவில் அசைவு எப்படித் திரும்புகிறது? பாரிஸ் குழு இரண்டு யூகம் வைத்தது. ஒன்று, ரெம் தூக்கத்தில் டோபமின் சுற்று தற்காலிகமாக உயிர் பெறலாம். இன்னொன்று, பெருமூளைப் புறணியின் கட்டளை, அசைவை ஒழுங்குபடுத்தும் பேசல் காங்லியா வழியாகப் போகாமலே தண்டுவடத்துக்கு இறங்கலாம். கடைத்தெருவில் நெரிசல் என்றால் பைபாஸில் போகும் பஸ் மாதிரி. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் விழித்திருக்கும்போதும் அந்த வழி சில சமயம் திறக்கிறது. நெதர்லாந்தில் பாஸ்டியான் புளூம் 2010-ல் வெளியிட்ட வீடியோவில் 58 வயதுக்காரர் ஒருவர் இரண்டு அடி வைப்பதற்குள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் உறைந்து விழப்போகிறார். அவரிடம் சைக்கிளைக் கொடுத்தால் ஏறி மிதித்து, வளைந்து திரும்பி, பத்திரமாக வந்து சேர்கிறார். இறங்கியதும் மறுபடி உறைகிறார். தரையில் கோடு போட்டால் அதைத் தாண்டி நடப்பவர்களும், படிக்கட்டில் தடையின்றி ஏறுபவர்களும் உண்டு. தசையும் நரம்பும் கெட்டுப்போகவில்லை. நினைத்த மாத்திரத்தில் தொடங்கிவைப்பதுதான் கெட்டிருக்கிறது.

ஜேம்ஸ் பார்க்கின்சனையும் விட்டுவிட முடியாது. 1817-ல் லண்டனில் அவர் எழுதிய சிறு நூலுக்கு ஆதாரம் ஆறே பேர், அதில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று முதல் வரையறையிலேயே எழுதிவைத்தார். அந்த ஒரு வாக்கியம் மருத்துவத்தை நெடுங்காலம் அசைவையே பார்க்க வைத்தது. ஆனால் அதே நூலில் மலச்சிக்கல் வருகிறது, எச்சில் வடிவது வருகிறது, நோய் முற்றிய நிலையில் தூக்கத்திலேயே கை கால் உதறி நோயாளி பதறி விழிப்பதும் வருகிறது. தூங்கினால் பார்க்கின்சன் நடுக்கம் அடங்கிவிடும் என்பது இன்று மாணவர்களுக்கும் தெரியும். அப்படியானால் அவர் எழுதியது எதை? கனவு நடிப்பாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அவர் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

நடைமுறைக்கு ஒன்று. இந்தக் கோளாறைச் சொல்லக்கூடியவர் நோயாளி அல்ல, பக்கத்தில் படுப்பவர்தான். நம் வீடுகளில் வயதான பிறகு ஒருவர் கட்டிலிலும் ஒருவர் கூடத்துப் பாயிலும் படுப்பது வழக்கம். அலறினாலும் கெட்ட கனவு என்று திருநீறு பூசிவிட்டு விளக்கை அணைப்போம். அப்பா தூக்கத்தில் யாரையோ அடிக்கிறார் என்றால் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அதற்குள் கட்டிலோரத்து மேசையையும் கண்ணாடி டம்ளரையும் நகர்த்திவையுங்கள். மெலடோனினோ குளோனசெபாமோ தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். குளோனசெபாம் தள்ளாட்டத்தைக் கூட்டும் என்பதால் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த வாரம் கட்டாயம் வயிறு. ஹொனலுலுவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் ஏழாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்களிடம் தினம் எத்தனை முறை மலம் கழிக்கிறீர்கள் என்று கேட்டு, அவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்விலிருந்து ஆரம்பிக்கிறேன். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் லெவோடோபா மாத்திரை சிறுகுடலுக்குப் போய்ச் சேராமல் தங்கிவிடுவதும், அதனால் கால் உறைவதும் அதே வாரத்தில் வரும், இடம் இருந்தால்.