முற்றத்து மரத்தை வெட்டுமுன்

2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னைக்கருகே கரையேறியபோது பட்டணத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன் பின் ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் ஒரு காட்சி தவறாமல் நடைபெற்று வருகிறது. புயற் செய்தி வந்ததும் வீட்டுக்காரர் தம் முற்றத்து வேம்பையோ மாவையோ அண்ணாந்து பார்க்கிறார், கலவரமடைகிறார், மரமேறும் தொழிலாளி ஒருவரை அழைத்துக் கூலி பேசுகிறார். நாற்பது வருஷம் வளர்ந்த மரம் சாயங்காலத்துக்குள் விறகாகிவிடுகிறது. அவருடைய அச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை. மரம் விழுந்து மாண்டோர் உண்டு. ஆயினும், விசாரணையின்றி எவரையும் தண்டிக்கலாகாது என்று வாதிக்கும் நாம், மரத்தின் விஷயத்தில் மட்டும் சந்தேகத்தின் பேரிலேயே மரண தண்டனை விதிப்பது எவ்வாறு பொருந்தும்?

மரத்தை விசாரிப்பதற்குச் சாட்சியங்கள் இல்லாமலில்லை. பல வருஷங்களாகச் சாய்ந்தே வளர்ந்து, நுனி மட்டும் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் மரம் பெரும்பாலும் அந்தச் சாய்வுக்கேற்ப வேரூன்றியிருக்கும். நேற்று நேராக நின்று இன்று சாய்ந்திருப்பதும், சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்து மேலெழும்பியிருப்பதுமே ஆபத்தின் அறிகுறிகள். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் புறப்பட்டிருந்தால் உள்ளே உளுப்பு நடக்கிறதென்று கொள்ளலாம். சுத்தியலால் தட்டினால் பொந்து விழுந்த இடம் வேறு ஓசை தரும். இரண்டு பெருங்கிளைகள் குறுகிய கவையாகப் பிரியுமிடத்தில் பட்டை உள்மடிந்து பிளவு கண்டிருந்தால் அங்கே முறியக்கூடும். இவை ஒன்றுமில்லாமல், இலை உதிர்கிறது, குருவி எச்சமிடுகிறது என்ற காரணங்களுக்காக வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது அதிகமில்லை.

மரம் பலவீனமானதற்கு வீட்டுக்காரரே காரணமாயிருப்பதும் உண்டு. முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டு, அடிமரத்தை ஒட்டிப் பூசி, குழாய் பதிக்க ஒரு பக்கத்து வேரையெல்லாம் அறுத்துவிட்ட பின், காற்றில் மரம் நிற்கவில்லையே என்று குறைகூறுவது நியாயமன்று. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டு இருக்கலாகாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டதை இங்கே குறிப்பிடுகிறோம். உத்தரவு வரும் வரை காத்திராமல், கடப்பாரை கொண்டு நம் முற்றத்துத் தளத்தை நாமே பெயர்க்கலாம்.

நமது தொழிற் பழக்கத்தால் சட்டத்தையும் சிறிது பிரஸ்தாபிக்க வேண்டியிருக்கிறது. விழக்கூடிய நிலையில் நின்று அக்கம்பக்கத்தாருக்கும் வழிப்போக்கருக்கும் தீங்கு விளைக்கக்கூடிய மரத்தைப் பற்றி நிர்வாக மாஜிஸ்டிரேட் உத்தரவிடலாமென்று 1973-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 133-ம் பிரிவு கூறியது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய சன்ஹிதையில் அது 152-ம் பிரிவாக இருக்கிறது. அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒரு சிறு சொல். மரத்தை ‘அகற்றவோ அல்லது தாங்கல் கொடுக்கவோ’ உத்தரவிடலாம் என்பது அதன் கருத்து. முட்டுக் கொடுத்து நிறுத்தும் வழியைச் சட்டமே மறக்கவில்லை, நாம்தான் மறந்துவிடுகிறோம். தில்லியின் 1994-ம் வருஷத்துச் சட்டமும் கர்நாடகத்தின் 1976-ம் வருஷத்துச் சட்டமும், சொந்தக் காம்பவுண்டுக்குள் நிற்கும் மரத்துக்கும் அனுமதி பெற வேண்டுமென்கின்றன. நம் ராஜ்யத்தில், பட்டா நிலத்தில் நிற்பதாயினும் சந்தன மரத்தை வனத்துறை அறியாமல் வெட்டலாகாது. அண்டை வீட்டுக் கிளை நம் எல்லைக்குள் நீண்டால், அந்த அளவுக்கு நாம் வெட்டிக்கொள்ளலாமென்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை லெம்மன்-வெப் வழக்கில் தீர்ப்பளித்தது. எனினும், முதலில் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டுவோருக்கு வக்கீல் தேவைப்படுவதில்லை என்பது நம் அநுபவம்.

விசாரணையில் ஒரு கிளை மட்டுமே குற்றவாளியென்று தெரிந்தால் அதை மட்டும் நீக்கினாற் போதும். தலையை மொட்டையடிப்பது பெருந் தவறு. வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கொப்புகள் மேற்பட்டையிலேயே பற்றியிருப்பதால், பருத்த பின் அவையே எளிதில் முறிந்து விழும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்பார் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, அதைச் சுற்றி மதிலெழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று காட்டினார். அந்த மதிலுக்கு உதவுவது, கிளை தண்டோடு சேருமிடத்தில் கழுத்துப்பட்டைபோல் தடித்திருக்கும் மேடு. தண்டிலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடியிலிருந்து சிறிது அறுத்து, அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்தால், பட்டை கிழியாமல் கிளை விழும். எஞ்சிய துண்டை அந்த மேட்டுக்கு வெளியே அறுத்துவிட வேண்டும். வெட்டுவாயில் தார் பூசும் வழக்கம் உளுப்பைத் தடுப்பதில்லை என்பதும் அவர் கண்டதே.

அடியோடு நீக்கியே தீரவேண்டுமென்றால், அப்போது ஆபத்து மரத்துக்கன்று. மேலே ஏறுகிற மனிதருக்கு. இதை வற்புறுத்தவே முக்கியமாக இக்கட்டுரையை எழுதுகிறோம். முழு மரத்தையும் ஒரே வீழ்ச்சியாகத் தள்ளுவதற்கு, அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் ஆளற்ற வெளியாக இருக்க வேண்டும். பட்டணத்து முற்றத்தில் அதற்கு இடமேது? ஆதலால் நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, உறுதியான கவையில் வடம் போட்டு ஒவ்வொன்றாக இறக்குவதே முறை. அறுபடும் கிளையில் ஏறியவரின் இடுப்புக் கயிறு கட்டப்பட்டிருக்கலாகாது. தலைக்கவசமின்றியும், கீழே வடம் பிடிக்க ஆளின்றியும், மழைக்காற்றிலும் வேலை நடத்தலாகாது. மின்கம்பி அருகில் சென்றால், மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்தும் வரை ஒருவரும் மரத்தில் கை வைக்கலாகாது. பச்சைக் கிளையும் நனைந்த கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். நமக்குத் தெரிந்த ஒரு தெருவில், ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகக் கயிறும் துணையாளுமின்றி ஒருவரை ஏற்றினார்கள். அவர் விழுந்தார், இன்று அவர் நடப்பதில்லை. வீட்டுக்காரர் பத்து நாள் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். கூலி பேசும்போது கயிறு, கவசம், ஆள் எத்தனை என்று கேட்பது மரமேறுகிறவரை அவமதிப்பதாகாது. அவர் கேட்கத் தயங்குவதை நாம் கேட்பதாகும்.

தென்னையின் கதை வேறு. அதற்குக் குருத்து ஒன்றே. அதை வெட்டினால் மரம் பிழைக்காது. பட்டுப்போன தென்னையை வெட்டி அடிமரத்தைத் தோட்டத்தில் மக்கவிட்டால், காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, அண்டைத் தென்னைகளின் குருத்தைக் குடையும். முற்றிய மரமாயின் கைமரத்துக்கு உதவும். உதவாததைப் பிளந்து உலர்த்தி அடுப்புக்கு அனுப்பலாம். மற்ற மரங்களின் தழையைக் கொளுத்தாமல் குழியிலிட்டால் அடுத்த வருஷத்துக்கு உரமாகும். அடிக்கட்டையைத் தோண்டியெடுத்த குழியிலேயே புதுக் கன்றை ஊன்றாமல், சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி, ஆடி மழைக்கு முன்னரே குழி வெட்டி ஆறவிட்டு, புங்கையோ பூவரசோ வைக்கலாம். சிமெண்டுத் தளம் அதுவரைக்கும் வந்திருந்தால், அங்கேதான் கடப்பாரைக்கு முதல் வேலை.