ஆய்வுக்கூட டெக்னீஷியன் என்றால் என்ன வேலை?



சென்ற மாதம் ஒரு தகப்பனார் நம் அலுவலகத்துக்கு அழகிய கடன் கேட்டு வந்தார். மகன் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவன். ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. சேர இரண்டு வாரமே பாக்கி. தகப்பனாருக்கு மனமில்லை. "லேபில் பாட்டில் கழுவுகிற வேலைதானே பாய்? அதை விட்டுவிட்டு இன்ஜினீயரிங் படிக்கட்டும், கடன் கொடுங்கள்" என்றார். அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

கழுவுகிற வேலை உண்டு, மறைப்பானேன். ஆனால் எதற்காகக் கழுவுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பல சோதனைகள் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள் நடக்கின்றன. அதன் உள்சுவரில் வெறும் விரலால் தொட்டால் போதும். அந்த ரேகையின் எண்ணெய்ப் பசை நாள்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருந்து சோதனையைக் கெடுக்கும். ஆகவே கையுறை போட்டு, அசிட்டோனில் துடைத்து, கலத்தைச் சூடாக்கி, பம்பை ஓட்டிக் காத்திருக்க வேண்டும். எங்கோ ஒரு மூட்டில் கசிவு இருந்தால், வெளியிலிருந்து ஹீலியம் வாயுவை ஒவ்வொரு மூட்டாகப் பீய்ச்சி, கருவியின் முள் எங்கே துள்ளுகிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். குக்கர் வாஷர் பழுதானால் நம் வீட்டுப் பெண்கள் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே சத்தமே கேட்காது.

கவனம் தவறினால் உயிருக்கே ஆபத்தான வேலையும் இதில் உண்டு. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சி. ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். நிறமில்லை, வாடையில்லை, மூடிய அறையில் ஆக்சிஜனைத் தள்ளிவிடும், மனிதர் முன்னறிவிப்பின்றி மயங்கி விழுவார். அதனால்தான் அந்தக் குடுவையை லிஃப்டில் ஏற்றும்போது கூட ஆள் ஏறக்கூடாது என்று விதி. பெரிய பட்டம் பெற்ற மாணவர்களையும் அந்த விதிக்குக் கட்டுப்படுத்துகிறவர் பெரும்பாலும் டெக்னீஷியன்தான்.

எலக்ட்ரானை 1897இல் கண்டறிந்த ஜே.ஜே. தாம்சன் பெயர் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. அவருக்குக் கைவேலை வராது. கேம்பிரிட்ஜில் அவருடைய கண்ணாடிக் குழாய்களை ஊதிச் செய்து கொடுத்தவர் எபனேசர் எவரெட் என்ற உதவியாளர். பேராசிரியர் கருவியைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பாக இருந்ததாம்!

ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் காமர்லிங் ஓன்னஸ் என்ற பேராசிரியர் இந்த உண்மையை நன்றாக உணர்ந்திருந்தார். 1901இல், கண்ணாடி ஊதவும் உலோகம் கடையவும் இளைஞர்களுக்குக் கற்றுத்தரும் கருவி செய்வோர் பள்ளியைத் தொடங்கினார். 1908 ஜூலை 10 அன்று உலகில் முதன்முதலாக ஹீலியம் அங்கே திரவமானது. கெரிட் ஃபிளிம் என்ற தலைமைக் கைவினைஞர் இல்லாமல் அது நடந்திருக்காது. 1913இல் பேராசிரியருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறோம். ஆய்வுக் கட்டுரையில் டெக்னீஷியன் பெயர் ஆசிரியர் பட்டியலில் வருவது அபூர்வம். கடைசியில் ஒரு நன்றி வரியோடு சரி. அதைவிட முக்கியமானது, எல்லா இடமும் நிரந்தரம் அல்ல. ஆய்வுத் திட்டத்தின் பணத்தில் எடுக்கும் வேலை, திட்டம் முடிந்தால் முடிந்துவிடும். எனவே உத்தரவு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல. நிரந்தரப் பணியா, திட்டப் பணியா, எத்தனை வருடம் என்பதைத்தான்.

பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்தவர்களும், பாலிடெக்னிக் டிப்ளமோ, பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களும் இவ்வகை வேலைகளுக்கு மனுப் போடலாம். தகுதி இடத்துக்கு இடம் மாறும். விளம்பரத்தை முழுக்கப் படியுங்கள். பெரும்பாலும் எழுத்துத் தேர்வோடு கைத்திறன் தேர்வும் இருக்கும். சால்டரிங் செய்து பழகாமல் மனப்பாடம் மட்டும் செய்து போனால் அங்கே மாட்டிக்கொள்வோம். பெண் பிள்ளைகளும் மனுப் போடலாம். மனு எழுத உதவி தேவைப்பட்டால் சான்றிதழ் நகல்களுடன் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள்.

அந்தப் பையன் வேலையில் சேர்ந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். மூன்று வருடத் திட்டப் பணி. தகப்பனாருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. கடன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் நம்மிடமே வைத்திருக்கிறார்.