ஒரு செயலியும் இரு பதிப்புகளும்

பழைய நூலைப் பதிப்பிப்போர் ஏடுகள் தம்முள் மாறுபடுமிடத்து ஒரு பாடத்தை மேலே வைத்து மற்றதை அடிக்குறிப்பில் இடுவர். பாடபேதங்களோடு பெரியபுராணத்தைக் கற்கும் நமக்கு, சேக்கிழார் பிறந்த குன்றத்தூர்ப் பக்கத்திலேயே இன்று வேறுவகைப் பாடபேதம் ஒன்று ஆராயக் கிடைக்கின்றது. அவ்வூர்க்குத் தென்மேற்கே ஒரகடத்தில் மோட்டார்த் தொழிற்சாலைகள் பல உள. அத்தகைய ஆலையொன்றில், உதிரியுறுப்புகளின் அளவைச் சோதித்துத் தேறியதா தவறியதா எனக் கூறும் கணிப்பொறிச் செயலி ஒன்று இயங்குவதாகக் கொள்வோம்.

செயலி இயற்றுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிவைத்த நிரற்றொகுதிகளை எடுத்தாள்வர். அவற்றை லைப்ரரி என்பர். நம் செயலி பைத்தான் மொழியில் அமைந்தது. அளவுகளைப் படித்தற்கு ஒரு லைப்ரரி, வரைபடம் தீட்டுதற்கு மற்றொன்று. இரண்டும் கணக்கிற்கு நம்பை என்னும் மூன்றாவதைச் சார்ந்தன. (பெயரளவிலன்றி நம்பியாண்டார் நம்பியோடு இதற்கு உறவில்லை!) நம்பையின் 2.0 பதிப்பு 2024 ஜூன் மாதத்தில் வெளிவந்தது. முந்திய 1 ஆம் வரிசைப் பதிப்புகளைக் கொண்டு இயந்திர நிரலாகத் தொகுக்கப்பட்டவை அதனோடு பொருந்தா. எனவே முன்னது பழையதை வேண்ட, பின்னது புதியதையே வேண்டுமாயின், செயலி தொடங்கும்போதே நின்றுவிடும்; உறுப்புகள் சோதனையின்றித் தேங்கும்.

இரண்டையும் உடன்வைத்தால் என்னை? பைத்தான் ஓடுங்கால் ஒரு பெயர்க்கு ஒரு தொகுதியையே நினைவில் வைக்கும். முதலில் ஏறியதே அடுத்துக் கேட்பதற்கும் கிடைக்கும். ஜாவாவில் மேவன் என்னும் கருவி, சார்புமரத்தின் வேருக்கு அணித்தாகிய பதிப்பைக் கொண்டு ஏனையதை விலக்கும். என்.பி.எம். என்பதோ ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் அததற்குரிய பதிப்பைத் தனியே வைக்கவல்லது. கோ மொழியார் 2 முதலாகிய பெரும்பதிப்பெண்ணைத் தொகுதியின் பெயரிலேயே சேர்த்து, இரண்டும் வெவ்வேறு பெயருடையனவாகச் செய்தனர். இது நமக்கு மிக நேர்மையான வழியாகத் தோன்றுகின்றது.

ஆயினும் உடனுறைவதனால் மட்டும் வழக்குத் தீர்வதில்லை. பழைய பதிப்பு உண்டாக்கிய பொருளைப் புதிய பதிப்பு கையில் வாங்குமிடத்தேதான் இடர் பிறக்கின்றது. ஜாவாவில் இருவேறு ஏற்றிகள் ஏற்றிய வகுப்புகள், பெயரும் எழுத்தும் ஒன்றேயாயினும், இருவேறு வகைகளே. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளப் புகின் பிழை தோன்றும்.

ஆதலின் நம் ஆலைச் செயலிக்கு முதலில் நாடத்தக்கது, புதிய நம்பைக்கு இசைந்த வெளியீடு அளவு லைப்ரரிக்கு உண்டா என்பதே. இல்லையேல் அதனைத் தனிச் சூழலில், தனி இயக்கமாக ஓட்டி, எண்ணையும் அலகையும் வெறும் எழுத்துக் கோப்பாக மற்றதற்கு அனுப்பலாம். அக்கோப்பினுள் எப்பதிப்பின் பொருளும் இராது. வேகம் சற்றே குறையும்; அலகை எழுத மறந்தால் மில்லிமீட்டர் சென்டிமீட்டராகக் கொள்ளப்படவும் கூடும்.