கதையும் கதாசிரியன் வாழ்வும்: புதுமைப்பித்தன் சிறுகதைகளை முன்வைத்து

அருளுரைகளிலே சிறுகதைகளை எடுத்தாளும் வழக்கம் நம் போதகரிடையே நெடுநாளாகவே உண்டு. வழக்கம் நல்லதே, எடுத்தாளும் முறைதான் சிந்திக்கற்பாலது. பெரும்பாலும் கதையைக் கரும்புபோல் பிழிந்து, கருத்து என்னும் சாற்றை ஏந்திக்கொண்டு, எஞ்சியதைச் சக்கையென எறிந்துவிடுகிறோம். கதை எந்த ஊரில் நிகழ்ந்தது, எழுதியவர் யார், எவ்வகை வாழ்வினின்று அவர் பேசினார் என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. திருமறைப் பகுதிகளைப் பொறுத்தமட்டில் நாம் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. ஒரு சங்கீதம் எத்தகைய வழிபாட்டுச் சூழலில் தோன்றியது என்று ஹெர்மன் குங்கெல் கேட்கக் கற்பித்த நாள்தொட்டு, ‘வாழ்க்கைச் சூழல்’ என்னும் சொல் இறையியல் மாணவர் ஒவ்வொருவர் நாவிலும் பழகியிருக்கிறது. நம் ஆண்டவரின் உவமைகளில் ஒவ்வொன்றுக்கும் பொதுவான ஒரே கருத்தைக் கண்டு அமைந்தார் யூலிகர். அவருக்குப்பின் 1935இல் சி. எச். டாட், 1947இல் யோவாக்கிம் யெரெமியாஸ் ஆகியோர் அவ்வுவமைகளை மீண்டும் அவை பிறந்த மண்ணுக்கே கொண்டுசென்றனர். யெரெமியாஸ் இளமையில் எருசலேமில் வாழ்ந்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. சந்தை வெளியில் கூலிக்காகக் காத்துநிற்பவனின் வயிற்றை அறியாதவனுக்குத் திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமை வெறும் கணக்கு வழக்காகவே தோன்றும்.

இதே மரியாதையைத் தமிழ்ச் சிறுகதைக்கும் நாம் செலுத்தவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். சான்றாகப் புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்வோம். நமது இறையியலோடு அவர் நேர்முகமாகவே வழக்காடியவர் என்பது ஒரு காரணம். திருச்சபையைக் குறித்து அவர் எழுதிய ஒரு கதைக்கு நாம் இன்னும் விடையிறுக்கவில்லை என்பது மற்றொரு காரணம்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய புதுமைப்பித்தன், 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். குடும்பத்தின் பூர்விகம் திருநெல்வேலி. மரபு சைவ வேளாளர் மரபு. தந்தையார் அரசாங்கத்தின் வருவாய்த்துறையில் அலுவல் பார்த்தவர்; ஆகவே மாற்றலுக்கேற்பப் பையனும் ஊர் ஊராகச் சென்றான். சிறுவயதிலேயே தாயை இழந்தார். தந்தையார் ஓய்வுபெற்றபின் 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. 1931இல் அங்குள்ள இந்துக் கல்லூரியிலேயே இளங்கலைப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு கமலாம்பாளை மணந்தார். பின்னர்ச் சென்னைக்குப் புறப்பட்டு, பத்திரிகை அலுவலகங்களில் உழைத்து, இறுதியில் திரைப்படத் துறையிலும் கால் வைத்து, காசநோய்க்கு ஆளாகி 1948இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். எழுத்துலக வாழ்வு ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளே, கதைகள் நூறளவில். இவ்வாழ்க்கையை விரிவாய் அறிய விழைவோர், அவருடைய நண்பரும் நெல்லைக்காரருமான தொ. மு. சி. ரகுநாதன் 1951இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றைக் காணலாம்.

வாழ்வு கதையில் எளிதாய்த் தென்படும் இடங்கள் சில உண்டு. ‘ஒரு நாள் கழிந்தது’ என்னும் கதையின் முருகதாசர் ஓர் எழுத்தாளர். பெரிய நாவல் எழுதவேண்டும் என்னும் கனவுடையவர். வயிற்றுப்பாட்டுக்கோ விளம்பர வாசகங்கள் எழுதுகிறார். மளிகைக் கடன் ஒரு பக்கம், நண்பர்களுக்குக் காப்பி கொடுக்கவேண்டிய கடமை ஒரு பக்கம், அவர்களிடமே கைமாற்றுக் கேட்கவேண்டிய கூச்சம் ஒரு பக்கம். இவற்றிடையே ஒரு நாள் கழிகிறது, அவ்வளவே கதை. ‘செல்லம்மாள்’ கதையில் துணிக்கடையில் சேவகம் செய்யும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி நோயுற்று மடிகிறாள். சொந்த ஊருக்குப் போகவேண்டும் என்னும் ஏக்கம் கதை முழுதும் மெல்லிய காய்ச்சல்போல் ஓடுகிறது. சென்னைக்குப் பிழைக்கவந்த நெல்லைப் பிள்ளைமாரின் நாவழக்கு, மானம், சிக்கனம், மரணத்தை எதிர்கொள்ளும் அமைதி யாவும் இக்கதையில் உள. ஆசிரியர் தம் மனைவியைப் பலகாலும் பிரிந்திருக்க நேர்ந்தவர் என்பதும், அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாகவே வெளிவந்தன என்பதும் தெரிந்தவர்க்கு, இக்கதையின் அடங்கிய குரல் எங்கிருந்து வருகிறது என்பது ஒருவாறு புலப்படும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். முருகதாசரே புதுமைப்பித்தன் என்று கூறிவிடுவது எளிது. அவ்வாறு கூறியவுடன் கதை செத்துவிடுகிறது. வாழ்க்கை வரலாறு கதையைத் திறக்கும் சாவியே ஒழிய, கதைக்கு மாற்றுப்பொருள் அன்று. செல்லம்மாள் கதையில் மனைவி இறக்கிறாள். புதுமைப்பித்தன் வாழ்விலோ கணவரே முன்னர் மறைந்தார். தாம் பட்டதையே எழுதினார் என்பதினும், படநேருமோ என்று அஞ்சியதையும் சேர்த்து எழுதினார் என்பது பொருத்தமாகும். அன்றியும், எழுத்தாளனின் சொந்த நிகழ்ச்சி எதுவும் காணப்படாத கதையிலும் அவனுடைய பண்பாடு முழுமையாக உறையக்கூடும். ‘சாப விமோசனம்’ இதற்குச் சான்று. அகலிகையும் சீதையும் சந்திக்கிறார்கள். சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். தன்னை உயிர்ப்பித்தவரே தன் மனைவியிடம் சான்று கேட்டார் என்பதை அவளால் தாங்க இயலவில்லை. இராமகாதையை மடியில் கேட்டு வளர்ந்த சமுதாயத்தில் தோன்றிய ஒருவர்தாம் அக்காதையோடு இத்துணை நெருங்கி ஊடமுடியும். அந்நியனுக்கு இக்கோபம் வராது. தம் மரபோடு வழக்காடிய யோபுவை நன்கறிந்த நமக்கு இவ்வுறவுமுறை புதிதன்று.

இனி, நம்மை நேரே சுட்டும் கதைக்கு வருவோம். 1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்தார். சுயமரியாதை இயக்கமும் அப்போது வலுப்பெற்றிருந்தது. அதே ஆண்டில் வெளிவந்த ‘புதிய நந்தன்’ என்னும் கதை, நந்தனார் பிறந்த ஆதனூரைக் களமாகக் கொண்டது. சேரியைச் சேர்ந்த முதியவன் கருப்பன். அவன் மகனை ஒரு மிஷனெரி ஐயர் அழைத்துச்சென்று, ஞானஸ்நானம் கொடுத்துப் புதுப்பெயரிட்டுப் படிக்கவைக்கிறார். பையன் வளர்ந்து இளைஞனாகிறான். மிஷனெரியின் மகளையே விரும்புகிறான். அன்றோடு அவ்வீட்டின் கதவு அவனுக்கு அடைபடுகிறது. பின்னர் அவன் தோழர் நரசிங்கம் என்னும் பெயரோடு சுயமரியாதை இயக்கத்தில் சேர்கிறான். இது ஒருபுறமிருக்க, அக்கிரகாரத்துப் பண்ணையாரின் மகன் இராமநாதன் காந்தியத் தொண்டனாகிறான். முடிவில், காந்தியடிகளைக் காணச் செல்லும் முதியவனைத் தண்டவாளத்திலிருந்து காக்க இவ்விருவரும் ஓட, மூவரும் இரயிலின் கீழ் மாள்கின்றனர்.

இக்கதையைப் பகைவனின் பழிச்சொல் என்று ஒதுக்கிவிடுதல் ஆகாது. எழுதியவர் யார்? தாமிரபரணியின் ஒரு கரையில் நெல்லையப்பர் கோயிலையும், மறுகரையில் கிறிஸ்தவக் கல்வி நிலையங்கள் நிறைந்த பாளையங்கோட்டையையும் கொண்ட ஊரில் வளர்ந்தவர். 1820இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது முதல், நூற்றாண்டுக்கு மேலாக நம் பணி வேரூன்றிய மாவட்டம் அது. மிஷன் கல்வி ஒருவனை எவ்வளவு தூரம் உயர்த்தும் என்பதும், எந்தப் படியில் அவனை நிறுத்திவைக்கும் என்பதும் அவ்வூர்த் தெருக்களில் எவரும் காணக்கூடிய காட்சிகளாய் இருந்தன. புதுமைப்பித்தன் ஐயரைக் கொடியவராகக் காட்டவில்லை. அவர் நல்லவர், கொடுக்கும் வரையில் நல்லவர். கொண்டும் கொடுத்தும் உறவாடும் சம்பந்தம் என்னும் பேச்சு எழுந்தபோதுதான் அவரது நன்மை தன் எல்லையை அறிவிக்கிறது. திருமுழுக்கில் கிடைத்த பெயர் திருமணத்தில் செல்லாத நாணயமாகிவிடுகிறது. அந்த மிஷனெரி இன்று இல்லை. ஆனால் ஒரே மேசையில் அப்பம் பிட்கும் சபையார் பெண் கொடுக்கும்போது சாதி விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே ஒழிந்துவிட்டது என்று எந்தப் போதகர் துணிந்து கூறுவார்? இக்கதையை அருளுரையில் எடுத்தாண்டவரை யான் இதுவரை கேட்டதில்லை.

எனினும் ஆசிரியரின் பண்பாடு அவர் கண்ணைத் திறப்பதோடு சிலவிடத்து மறைக்கவும் செய்யும். ‘துன்பக் கேணி’ 1935இல் வெளிவந்த நீண்ட கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள்பிடித்த மாவட்டங்களுள் திருநெல்வேலியும் ஒன்று. அவ்வாறு சென்று சீரழிந்த மருதி என்னும் தாழ்த்தப்பட்ட பெண்ணின் துயரத்தைக் கதை கூறுகிறது. அக்காலத் தமிழ்ப் புனைகதையில் தோட்டத் துரைத்தனத்தின் கொடுமையை இத்துணை வெளிப்படையாய்ப் பேசியது அரிது. ஆயினும் சேரி மாந்தரை அவர் வருணிக்கும் சொற்களில், தெருவுக்கு அப்பால் நின்று பார்க்கும் வேளாளரின் பார்வை தங்கியிருக்கிறது என்னும் குற்றச்சாட்டு உண்டு. இக்கதையும் ‘பொன்னகரமும்’ எதிர்ப்பின் காரணமாக 2014இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று நீக்கப்பட்டன. நீக்கியது சரியன்று என்பது என் கருத்து. எதிர்ப்பில் பொருளில்லை என்பதும் சரியன்று. பாமா 1996இல் வெளியிட்ட ‘கிசும்புக்காரன்’ தொகுப்பிலுள்ள ‘அண்ணாச்சி’ என்னும் கதையை இதனோடு சேர்த்துப் படித்தால் வேறுபாடு விளங்கும். மேல்சாதியாரை ‘அண்ணாச்சி’ என்று உறவுமுறை சொல்லி அழைத்துவிடுகிறான் ஓர் இளைஞன், ஊரே கொதிக்கிறது. ஒரு விளிச்சொல்லுக்குள் இவ்வளவு வெடிமருந்து இருப்பதையும், அதைக் கொளுத்துபவனின் குறும்பையும் தெருவுக்குள் வாழ்ந்தவரே எழுதவியலும். புதுமைப்பித்தனிடம் இரக்கம் உண்டு. அந்தச் சிரிப்பு இல்லை.

அவ்வாறாயின் வெளியிலிருப்பவர் எழுதவே கூடாதா எனின், அதுவும் விதியன்று. இந்துவாகப் பிறந்த வண்ணநிலவன் 1970களில் எழுதிய ‘எஸ்தர்’, பஞ்சத்தால் ஊரைவிட்டுக் கிளம்பவேண்டிய ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைப் பற்றியது. உடன் அழைத்துச்செல்லவும் முடியாத, விட்டுச்செல்லவும் முடியாத பாட்டியின் சாவை அக்கதை சொல்லாமற் சொல்லும் விதம், எளிய கிறிஸ்தவரின் வீட்டு வாழ்வை அவர் எவ்வளவு அருகிலிருந்து கண்டிருக்கிறார் என்பதைக் காட்டும். நெல்லையில் அண்டைவீடு என்பது அத்தகையது.

புதுமைப்பித்தனின் புகழ்பெற்ற கதையாகிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் வந்தது. இதனைத் தெய்வநிந்தனை என்றோ வெறும் நகைச்சுவை என்றோ கொள்வாருண்டு. ஆசிரியர் வாழ்வை அறிந்து படித்தால், இரண்டும் அன்று என்பது தெளிவாகும். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் மூலையில், சித்த வைத்தியப் பத்திரிகை ஒன்றை நடத்தும் கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் வழி கேட்கிறார். காப்பிக்கடைக்குப் போகிறார்கள், காப்பியில் சிகரி கலந்திருப்பதும் ஆராயப்படுகிறது. தாம் இன்னார் என்று கடவுள் கூறியதும் பிள்ளை விழுந்து வணங்கவில்லை, வரமும் கேட்கவில்லை. தம் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாராகச் சேரும்படி கேட்கிறார். அந்த ஆயுள் சந்தாதாரின் ஆயுளா, பத்திரிகையின் ஆயுளா என்பதும் பேச்சில் வருகிறது. 1933இல் தோன்றிய மணிக்கொடி இதழ் உருமாறித் தள்ளாடி நின்றதை அருகிருந்து கண்டவரின் சிரிப்பு இது. பத்திரிகை நடத்தியவர்க்கே இதன் உப்பு நாவில் தட்டும்; நம் இறையியல் இதழ்களின் ஆசிரியர்களும் அவர்களுள் அடங்குவர்.

கடவுள் பிள்ளையின் வீட்டில் விருந்தினராய்த் தங்குகிறார். குழந்தை வள்ளியோடு விளையாடுகிறார். பிழைப்புக்காக அம்மையோடு கூத்தாடிக் காட்டியும் பெரிய மனிதரிடம் செல்லுபடியாகாமற் போகிறது. தூர நின்று வரம் அருளலாம். மனிதரோடு மனிதராய் வாழ்தல் தமக்கு ஆகாது என்ற முடிவோடு அவர் மறைகிறார். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தை ஓதிப் பழகிய நாம் இவ்விடத்தில் திடுக்கிடவேண்டும். வார்த்தை மாம்சமாகி நம்மிடையே வாசமாயிற்று என்பது நம் அறிக்கை. அதனை மறுக்க இக்கதை எழுதப்பட்டது என்பதற்குச் சான்றில்லை. வரம் தரும் சிவனைப் பற்றியே சைவ மரபினர் ஒருவர் எழுதினார். ஆனால் வாடகையும் மருத்துவச் செலவும் சந்தா பாக்கியும் நிறைந்த வீட்டில் ஒருநாள் முழுதும் இருந்து பார்ப்பது எத்தகையது என்பதை அவர் அறிவார். நம் மனுவுருவாதல் அருளுரைகள் பல அதனை அறியா. நாசரேத்துத் தச்சரின் வீட்டிலும் அரிசி தீர்ந்துபோன மாலைகள் இருந்திருக்கும். பிள்ளையின் கடவுள் விடைபெற்றுச் சென்றுவிட்டார். சந்தாவை மட்டும் முன்னரே செலுத்திவிட்டார்.